உடையாத கண்ணாடி

"கீழ தோண்டினா மேல இருக்கற வீட்டுக்கு வலிக்காதாப்பா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்டர் குழைத்த கிண்ணம், பல்லிடுக்கில் மார்க்கர் பேனாவின் மூடி. மூடியை எடுக்காமலே பதில் சொன்னார்.

"வலிச்சா சொல்லும். அதுக்குத்தான் இதை ஒட்டறேன்."

அவர் ஒட்டிக்கொண்டிருந்தது விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை. சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசலுக்குக் குறுக்கே அதை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பி, கண்ணாடியின் மேல் அன்றைய தேதியை எழுதிவிட வேண்டும். பூமிக்கடியில் ரயில் பாதை தோண்டும்போது நிலம் அசைந்தால் சுவர் அசையும். சுவர் இம்மி அசைந்தாலும் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். உடைந்தால் அவர் சிவப்புத் தாள் ஒன்றை நிரப்பி அனுப்புவார். அடியில் இயந்திரம் நிற்கும். பொறியாளர்கள் ஓடிவந்து சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள், குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அந்தத் தெருவின் நாற்பத்திரண்டு கட்டடங்களிலும் கண்ணாடி ஒட்டி வாரம் ஒருமுறை பார்த்துவருவது அவர் வேலை. அதனால் தெருவில் அவருக்கு விரிசல்காரர் என்று பெயர்.

அன்று பள்ளி விடுமுறை. மனைவிக்கு மருத்துவமனையில் பகல் வேலை. மகளை வீட்டில் தனியே விட முடியாமல் கூட்டிவந்திருந்தார். அவர்கள் நின்றிருந்தது தையல்கார அக்காவின் வீட்டுப் பக்கச்சுவரோரம். முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் குடித்தனம். அக்கா தைப்பதை நிறுத்தாமல் பேசுவாள்.

"விரிசல்காரரே, மனுஷங்க மூஞ்சியவே பாக்காம சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்களே, உங்க வீட்டம்மா எப்படித்தான் பொறுத்துக்கறாங்களோ?"

"அவளும் என் மூஞ்சியப் பாக்கறதில்லக்கா. சரிக்குச் சரியாப் போச்சு."

இவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் ஏணியின் இரண்டாவது படியில் ஏறி, ஈரம் காயாத பிளாஸ்டரில் கட்டைவிரலை அழுத்திவிட்டாள். எடுத்தபோது ரேகையெல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தது. அவர் அதட்டினார். மகளின் உதடு பிதுங்கியது.

"விடுங்க அண்ணே" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வைத்தியம் பாத்த டாக்டரம்மா கைநாட்டு வைக்க வேணாமா?" பிறகு துணிக் கூடையைக் கவிழ்த்து, மஞ்சள் துண்டு ஒன்றையும் பூப்போட்ட துண்டு ஒன்றையும் எடுத்து, பத்தே நிமிடத்தில் ஜிப்பு வைத்த ஒரு சின்னப் பையாகத் தைத்து அவள் கையில் கொடுத்தாள். மகள் அந்தப் பையில் வெகுநாள் பென்சில் போட்டு வைத்திருந்தாள்.

விரல் பதிந்த பிளாஸ்டரை அவர் அப்படியே விட்டுவிட்டு, விதிப்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இடையில் அக்காவின் கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், மனைவி நூல்கண்டுகளை அடுக்க இடமில்லாமல் தவிப்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலும் எடுத்துப் பின்சுவரில் ஒரு மாடம் வெட்டினார். வெட்டி, பலகை போட்டு, தானே வண்ணமும் அடித்தார். அடுத்த முறை விரிசல்காரர் போனபோது இருவருமாக அதைக் காட்டினார்கள். நிறவாரியாக நூல்கண்டுகள் அடுக்கியிருந்தன.

"எப்படி சார் இருக்கு? ஸ்டியரிங் பிடிக்கற கைதான், சொன்னா நம்புவீங்களா?" என்றார் வேன்காரர். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அதற்கு நான்கு வாரம் கழித்து, இயந்திரம் அந்தத் தெருவின் அடியில் வந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை மாலை அக்கா வீட்டுக் கண்ணாடி உடைந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் புகையிலைக் கடையில் ஒரு கண்ணாடி உடைந்து, அவர் சிவப்புத் தாள் அனுப்பி, இயந்திரம் முழுநாள் நின்றது. கடைசியில் பார்த்தால் கடைப்பையன்கள் மூட்டையைச் சாத்தியபோது இடித்து உடைந்தது. இருபது பேர் நடுவில் வைத்துப் பொறியாளர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "உன் ஒரு துண்டுக் கண்ணாடிக்கு இத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமாய்யா? கண்ணு எதுக்கு இருக்கு?" அந்தக் குரல் ஒரு வாரமாக அவர் காதில் கிடந்தது.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டில் சாவி வாங்கித் திறந்து உள்ளே வந்தவர், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், பின்சுவரின் மாடத்தைப் பார்த்தார். சுத்தியல் அடி அதிர்ந்து உடைந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அடி வாங்கிய கண்ணாடி நட்சத்திரம்போல் சிதறும். இழுபட்ட கண்ணாடிதான் கோடு கிழித்ததுபோல் இரண்டாகும். பதினோரு வருடமாகக் கண்ணாடி பார்க்கிற அவருக்கு இது தெரியாதா? அது கோடாகத்தான் உடைந்திருந்தது. தவிர, மாடம் வெட்டிய பிறகு நான்கு வாரம் அவரே வந்து முழுக் கண்ணாடியைப் பார்த்துப் போயிருக்கிறார்.

தெரிந்தும், அவர் பையிலிருந்து வேறொரு பட்டையை எடுத்தார். பிளாஸ்டர் குழைத்தார். பழையதைப் பெயர்த்துவிட்டு, அதே இடத்தில் புதியதை ஒட்டி, அதன்மேல் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியை எழுதினார். கை நடுங்கவில்லை. பின்னாளில் அதுதான் அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் பக்கத்திலிருந்த முடிதிருத்துகிறவர் வீட்டில் கண்ணாடி உடைந்தது. மறுநாள் அதற்கடுத்த இரண்டு வீடுகளில். எல்லாம் ஒரே வரிசை. சிவப்புத் தாள்கள் போயின, முட்டுகள் வந்தன, அந்த வீட்டுக்காரர்களை வேறிடத்துக்கு அழைத்துப்போனார்கள். அக்காவின் வீட்டில் மட்டும் கண்ணாடி முழுசாக இருந்தது, அதனால் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் தேதியைப் பற்றிக் கேட்பார்களே என்று இன்று, நாளை என்று தள்ளினார்.

மூன்று வாரம் கழித்து நல்ல மழை. ஒரு மதிய நேரத்தில், மாடத்தோடு சேர்த்துப் பின்சுவர் விழுந்தது. கடவுள் கருணை, வீட்டில் யாருமில்லை. தையல் இயந்திரம் மட்டும் மண்ணுக்கடியில் போயிற்று.

விசாரணை நடந்தது. பக்கச்சுவரில் கண்ணாடி உடையாமல் இருக்கிறது, முதல் நாள் தேதியும் இருக்கிறது. ஆகவே இந்த வீட்டின் அடியில் நிலம் அசையவில்லை. வீட்டுக்காரர் மாடம் வெட்டியதால் சுவர் விழுந்தது. இப்படி முடிந்தது கோப்பு. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் புதிதாகக் கட்டப்போகும் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அக்காவும் வேன்காரரும் நகரின் மறுகோடியில் வாடகைக்குப் போனார்கள்.

விரிசல்காரர் தினமும் காலையில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்தருள வேண்டும்" என்று முடிப்பது வழக்கம். அதற்குப் பிறகு ஆறு வருடமாக, "தெரிந்தும்" என்ற இடத்தில் அவர் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை விழுங்கிவிட்டுத் "தெரியாமலும்" என்பதை மட்டும் சொல்லி எழுந்துவிடுவார். மனிதரை ஏமாற்றியவருக்குக் கடவுளை ஏமாற்றுவது எம்மாத்திரம்.

*

ரயில் நிலையம் திறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பயணம் இலவசம் என்று அறிவித்தார்கள். மகளுக்கு இப்போது பதினான்கு வயது.

"அப்பா, நீ வேலை பாத்த ஸ்டேஷனை நீயே பாக்கலேன்னா எப்படிப்பா? சமைச்சவங்க சாப்பிடாம போற மாதிரி."

"கால் வலிக்குதும்மா."

"படிக்கட்டே ஏற வேணாம். அதுவே தூக்கிட்டுப் போகும். வா."

அவருக்கு வலித்தது கால் அல்ல. ஆனாலும் போனார்.

தெருவே அடையாளம் தெரியவில்லை. கிடங்குகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள், தொட்டிகளில் செடிகள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெஞ்சுகள். ஒரு கடையின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்துதான் மாட்டியிருந்தார்கள். மீதியை ஒருவர் தரையில் வரிசையாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிலையத்தின் வாசல். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் புதுப் பெயின்ட் வாசனையும் மேலே வந்தன.

நகரும் படிக்கட்டின் முன்னால் பெருங்கூட்டம். ஒரு பெரியவர் படியில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"ஏறுங்க தாத்தா, பின்னாடி ரயிலே வந்துடும் போலிருக்கு" என்றது ஒரு குரல்.

"அவசரம்னா நீ பறந்து போடா" என்றார் பெரியவர், காலை வைக்காமல்.

மகள் பெரியவரின் கையைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, இப்ப!" என்று ஏற்றிவிட்டாள். பெரியவர் கீழே போய்ச் சேரும்வரை அவள் கையை விடவில்லை. விரிசல்காரர் பின்னால் நின்று பார்த்தார். தன்னிடமிருந்து இந்தப் பிள்ளை எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டார். சில காலமாக எதைப் பார்த்தாலும் அவருக்கு இப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

கீழே, நடைமேடைக்குப் போகும் நீண்ட வழியில் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் படங்கள். பழைய தெருவின் வீடுகள், வாசல்கள், சுவர்கள். ஒவ்வொன்றும் கதவளவு பெரிது.

"அப்பா, இது நீ எடுத்த படம்ல்ல?"

ஆம், எல்லாம் அவர் எடுத்தவைதான். கணக்கெடுப்புப் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மகள் ஓடி ஓடிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் அக்கா வீட்டின் பக்கச்சுவர், முதல் நாள். வலப்பக்கம் அதே சுவர், பின்சுவர் விழுந்த மறுநாள். இரண்டிலும் கண்ணாடி முழுசாக, ஒரே தேதியோடு இருந்தது. கீழே ஓர் உலோகத் தகட்டில் எழுதியிருந்தார்கள்: 'நிலம் அசையவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லும் கண்ணாடி. இந்த வீட்டின் பின்சுவர் விழுந்தது, உரிமையாளர் மாடம் வெட்டியதால்.'

"அப்பா! என் கட்டைவிரல்!"

இடப்பக்கப் படத்தில், கண்ணாடியின் கீழ்முனைப் பிளாஸ்டரில், குழந்தை விரலின் தடம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. அவர் வலப்பக்கப் படத்தைப் பார்க்காமலிருக்க முயன்றார். பார்த்தார். அங்கே பிளாஸ்டர் வழவழவென்றிருந்தது.

"அடடே, விரிசல்காரரே!"

திரும்பினார். தையல்கார அக்கா. கொஞ்சம் இளைத்திருந்தாள், மூக்குக்கண்ணாடி வந்திருந்தது. அவள் பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு வேன்காரர்.

"இது நம்ம டாக்டரம்மாவா? என்ன இப்படி வளந்துட்ட?" அக்கா மகளின் கன்னத்தைத் தொட்டாள். "அந்தப் பை இருக்கா இன்னும்?"

"ஜிப்பு போயிடுச்சு அத்தை. ஆனா இருக்கு."

"கொண்டா, போட்டுத் தரேன். ஜிப்பு போறதெல்லாம் ஒரு குறையா?" பிறகு அவரைப் பார்த்து, "வாங்களேன் அண்ணே ஒரு நாள் வீட்டுக்கு. சுவத்துல ஒரு கீறல் கிடையாது, உங்களுக்குத்தான் பொழுது போகாது. ஆணி அடிச்ச ஓட்டை கூடக் கிடையாது. இவரு அடிக்க மாட்டாரு."

"சும்மா இரு" என்றார் வேன்காரர்.

"என்ன சும்மா இரு? ஆறு வருஷமா நம்ம வீட்டு காலண்டரு ஃப்ரிட்ஜ் மேல படுத்துக் கிடக்கு. தேதி பாக்கணும்னா நான் எம்பணும்." அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

வேன்காரரும் சிரித்தார். "என் கை ராசி அப்படி சார். ஒரு மாடம் வெட்டினேன், வீட்டையே தின்னுட்டேன். இப்ப பாருங்க, போற வர்றவங்க எல்லாம் படிக்கறமாதிரி தகட்டுல அடிச்சும் வச்சுட்டாங்க." அவர் அந்தத் தகட்டை விரலால் ஒருமுறை தடவினார். "வேன்ல வர்ற பிள்ளைங்க வந்து பாத்துட்டு, 'அங்கிள், இது உங்க வீடா'ன்னு கேக்குதுங்க."

"மாமா, பாருங்க, இது என் விரல்!" என்றாள் மகள்.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஆமா. எத்தனை நாள் இதைத் தொட்டுப் பாத்திருக்கேன்." வலப்பக்கப் படத்துக்குப் போனாள். "இதுல இல்ல பாரு. கடைசி நாளு சாமான் எடுக்க வந்தப்பவே பாத்தேன். தேஞ்சு போச்சு போலன்னு நினைச்சேன்."

மகள் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிளாஸ்டர்ல பதிஞ்சது எப்படிப்பா தேயும்?"

கடவுள் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளையை விட்டுக் கேட்கவைப்பார். மூவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சுவரைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

"தெரியலம்மா" என்றார்.

ரயில் வந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய் அவர்களை வேறு வேறு பெட்டிகளில் ஏற்றிவிட்டது. மகள் கைப்பிடியைப் பிடித்து ஆடியபடி நிலையங்களின் பெயரைப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது நிலையம் தாண்டியதும் படிப்பதை நிறுத்தினாள். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கேட்டிருந்தால்கூட அவருக்குப் பாரம் குறைந்திருக்கும்.

*

அன்று மாலை அவர் பரணிலிருந்து வேலைப் பெட்டியை இறக்கினார். அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள், செய்தித்தாளில் சுற்றி, கோடாக உடைந்த கண்ணாடிப் பட்டையின் இரண்டு பாதிகள். ஒரு பாதியில் தேதி. மற்றதில் ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டர் கட்டி, அதில் கட்டைவிரல் தடம். ஏன் இதைத் தூக்கிப்போடவில்லை என்று அவருக்கே தெரியாது. நூறு முறை குப்பைக் கூடைவரை கொண்டுபோயிருக்கிறார். பிள்ளையின் விரல் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவார்.

மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். டப்பாவைப் பார்த்தாள். தன் கட்டைவிரலை எடுத்து அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் பெரிதாகிவிட்டது, பொருந்தவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல்ல, வீட்டுக்கு வலிக்காதான்னு."

"கேட்டேம்மா. வலிச்சா சொல்லும்னேன்."

"அது சொல்லியிருக்குப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய், ஜிப்பு போன அந்த மஞ்சள் பையை எடுத்துவந்து, "உடையாம இதுல வச்சுக் கொண்டு போ" என்று நீட்டினாள்.

மறுநாள் காலை கும்பிடும்போது "தெரிந்தும்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி ஓர் அம்மாள். மேஜை கொள்ளாமல் கோப்புகள், அவற்றுக்கு நடுவில் மூடி போட்ட தண்ணீர்க் குவளை. அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த இரண்டு பக்கங்களையும் அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ஏன் சார், உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போ?"

"இன்னும் மூணு வருஷம் இருக்கும்மா."

"மூணு வருஷம் பேசாம இருந்தா பூமாலை போட்டு அனுப்புவாங்க. இதை நான் பதிவு பண்ணினா விசாரணை வரும். ஃபீல்டுலேருந்து தூக்குவாங்க. இன்னும் என்னென்னவோ வரும். தெரியும்ல்ல?"

"தெரியும்மா."

"ஆதாரம்?"

அவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு பாதிகளையும் எடுத்து வைத்தார். அவள் அவற்றைச் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்த்தாள். உடைந்த ஓரத்தை நகத்தால் தடவினாள். "கோடு போட்ட மாதிரி உடைஞ்சிருக்கே."

"இழுபட்டா அப்படித்தாம்மா உடையும். அடிபட்டா சிதறும்."

அவள் இரண்டு பாதிகளையும் தாளின் பக்கத்தில் வைத்தாள். பிறகு முத்திரையை எடுத்து, ஊதி, தாளின் மேல் அழுத்தினாள். "அவங்களுக்கு வர வேண்டிய வீடு வருதோ வராதோ, நான் சொல்ல முடியாது. ஆனா கோப்பு திறந்தாச்சு. அவங்களுக்குத் தபால் போக ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள நான் நேர்ல சொல்லிடறேன்."

"அது உங்க இஷ்டம்" என்றாள். அவர் எழுந்தபோது, குவளையின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். "தண்ணி குடிச்சுட்டுப் போங்க. கை நடுங்குது பாருங்க."

*

பள்ளியின் பின்பக்கச் சந்தில் வேன் நின்றிருந்தது. மணி பத்து. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேன்காரர் நடு இருக்கையில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"அட, சார்! வாங்க, வாங்க. தலையைக் குனிஞ்சு ஏறுங்க, இது பிள்ளைங்க அளவுக்குப் பண்ணினது."

அவர் ஏறி, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினார். தொடங்காவிட்டால் தேநீர் குடிக்கலாம் என்று அந்த மனிதர் சொல்லிவிடுவாரே என்ற பயம். கண்ணாடி உடைந்தது, கோடாக உடைந்தது, தான் வேறொன்றை ஒட்டியது, தேதி. பக்கத்து வீடுகள். கோப்பு. எதையும் விடவில்லை. பொறியாளர் திட்டியதை மட்டும் சொல்லவில்லை. அது சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

வேன்காரர் பாட்டிலை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப, கீழேருந்துதான் வந்துச்சு."

"ஆமா."

"மாடத்தால இல்ல."

"மாடம் வெட்டி நாலு வாரம் கண்ணாடி முழுசா இருந்துச்சு. நான்தான் பாத்தேன். உங்க கையால வந்ததில்ல."

"நான் அன்னிக்கே சொன்னேன் சார்." குரல் உயரவில்லை. "அளந்து பாத்துத்தான் வெட்டினேன், பாரம் இல்லாத எடமாப் பாத்துத்தான் வெட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் அந்த விசாரணைக் காகிதம் வந்துச்சு. அதைப் படிச்சப்புறம் நானே என்னை நம்பல." பாட்டிலின் மூடியைத் திருகினார், மூடினார். "ஒரு நாளு அவ ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பல்பு மாட்டிக்கிட்டிருந்தா. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பல்பு மாட்டக்கூட என் கை போகல சார்."

விரிசல்காரர் கைகளைக் கூப்பினார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. கேட்டால் அந்த மனிதர் நல்லவர், கொடுத்துவிடுவார். தானாக வராததைப் பிடுங்கியதாக ஆகும்.

"இறங்குங்க சார்" என்றார் வேன்காரர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "பிள்ளைங்க வர்ற நேரமாச்சு."

பிள்ளைகள் வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவர் தலையைக் குனிந்து இறங்கினார்.

*

விசாரணை வந்தது. களப்பணியிலிருந்து எடுத்து, நிலையங்களின் பொருள்கிடங்கில் போட்டார்கள். பல்புகள், திருகாணிகள், பெயர்ப்பலகைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. விரிசல்காரர் என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. அக்காவுக்கும் வேன்காரருக்கும் வீடு ஒதுக்குவது பற்றிக் கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் கைபேசியில் அக்காவின் குரல் பதிவு வந்தது.

"அண்ணே, நான்தான். உங்க மேல எனக்குக் கோவம் ஆறல. சொல்லிட்டேன். ஆறுமான்னும் தெரியல. ஆனா நேத்து இவரு சுவத்துல ஆணி அடிச்சாரு. கோணலாத்தான் அடிச்சிருக்காரு, காலண்டரு ஒரு பக்கம் சாஞ்சு தொங்குது. அடிச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. டாக்டரம்மாவை அந்தப் பையக் கொண்டுவரச் சொல்லுங்க, ஜிப்பு வாங்கி வச்சிருக்கேன். நீங்க வர வேணாம். இப்போதைக்கு."

அவர் அதை இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை, "ஆணி அடிச்சாரு" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் அதிகாரி அம்மாளிடமிருந்து கிடங்குக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஓர் உலோகத் தகடு. 'நிலம் அசைந்ததைக் கண்ணாடி சொன்னது. அது மறைக்கப்பட்டது. இந்த வீட்டின் பின்சுவர் விழுந்தது, சுரங்கப் பணியால். வீட்டாரின் தவறு எதுவுமில்லை.' பழைய தகட்டை எடுத்துவிட்டு இதை மாட்ட ஆள் அனுப்ப வேண்டும் என்று சீட்டில் இருந்தது. ஆள் பெயருக்கான இடத்தில் அவர் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் ரயிலுக்கு முன்னால் போனார். காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். நகரும் படிக்கட்டு இன்னும் ஓடவில்லை. அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். நீண்ட வழியில் விளக்குகள் மட்டும் எரிந்தன. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

பழைய தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். அதைப் பைக்குள் போட்டார். வலப்பக்கப் படத்தைக் கழற்ற அவருக்கு அனுமதியில்லை. விரல் தடம் இல்லாத பிளாஸ்டர் அங்கேயே இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தார். இனி அதைப் பார்க்கிறவர்கள் கீழே இருப்பதையும் படிப்பார்கள்.

புதிய தகட்டைச் சுவரில் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. திருகாணியை எடுக்கப் போனவர் கையை நிறுத்தி, தகட்டைத் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, பல்லால் மூடியைக் கழற்றி, தகட்டின் பின்பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார். நாள், மாதம், வருடம். மை காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைத்து, நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக முடுக்கினார்.